பங்கோர் தீவில் இரண்டு நாள்



பள்ளி வேலைகளின் நெருக்கடியால் சில மாதங்களாக எதுவும் எழுத இயலவில்லை. பொறுத்தருள்க. சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பங்கோர் தீவுக்கு அழைத்துச் சென்றோம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டுமெனப் பலமுறை அமர்ந்து பாதியிலேயே எழுந்துவிட்டேன். காரணம், அதில் என் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று எப்படியாவது எழுதி முடித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வகுப்பில் கேட்ட கேள்வி

தமிழ்மொழிப் பாடத்தில் ஒருநாள் ஐவகை நிலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நெய்தல் வந்தபோது, "உங்களில் எத்தனை பேர் கடலைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பில் 21 பேர். ஒன்பது கைகள் உயர்ந்தன. அவற்றுள் இரண்டு, பினாங்குப் பாலத்தில் பேருந்தில் சென்றபோது சன்னல் வழியே பார்த்த கைகள்!

எனக்கு வியப்பாக இருந்தது. லகாட்டிலிருந்து லுமுட் துறைக்குச் செல்ல ஒன்றரை மணி நேரம் போதும். ஈப்போவிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் சாலையே எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் போகிறது. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் காற்றுப்பைகளையும் மீன்பிடி தூண்டில்களையும் ஏற்றிக்கொண்டு மகிழுந்துகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் அவற்றுக்குக் கையசைத்துக்கொண்டு சாலையோரத்தில் நிற்பார்கள்.

முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்ததும் எப்படியாவது ஒரு சுற்றுலா நடந்துவிடும். 2021-இல் அந்தத் தேர்வு அகற்றப்பட்ட பிறகு, தேர்வோடு சேர்ந்து அந்த வழக்கமும் எங்கள் பள்ளியில் நின்றுபோயிருந்தது. அதை மீண்டும் தொடங்குவோம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக் பொட்டலங்கள் விற்றுப் பணம் திரட்டினர். முன்னாள் மாணவர் ஒருவர் பேருந்துக்கான செலவை ஏற்றுக்கொண்டார்.

பங்கோரைத் தேர்ந்தெடுத்ததற்கு அருகில் இருப்பது மட்டும் காரணமன்று. ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத் தாக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் அந்த மாதங்களில் மூடிக்கிடக்கும். பங்கோர் மலாக்கா நீரிணையில் இருப்பதால் அந்தக் காற்றிலிருந்து தீபகற்பமே அதற்கு மறைப்பாக நிற்கிறது. மழை பெய்யலாம்; ஆனால் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

வராத கடிதம்

அனுமதிக் கடிதங்கள் 20 திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அந்த மாணவனிடம் கேட்டால், "மறந்துட்டேன் ஐயா" என்றான். மூன்று நாள் தொடர்ந்து மறந்தான். நான்காம் நாள் மாலை அவன் வீட்டுக்கே சென்றேன்.

தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வாழும் மலிவு விலை வீடுகள் அவை. அவனை வளர்ப்பவர் அவனுடைய பாட்டி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கித்தா மரம் சீவியவர். வீட்டின் நடுவில், மாலை சாத்திய ஒரு சிறுவனின் படம் இருந்தது. பதின்மூன்று வயதிருக்கும். என் மாணவனின் அதே கண்கள்.

"மூத்தவன். ஆறு வருசம் ஆச்சு வாத்தியாரையா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டாளிகளோட ஈயக்குட்டையில குளிக்கப் போனான். சாயங்காலம் சட்டையைத்தான் கொண்டாந்து கொடுத்தாங்க."

கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஈயக்குட்டை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உலகச் சந்தைக்கு ஈயம் தந்த பூமி எங்களுடையது. நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்தும், மிதக்கும் ராட்சதக் கப்பல்களால் அகழ்ந்தும் ஈயம் எடுத்தார்கள். அத்தகைய கப்பல் ஒன்று, 1938-இல் கட்டப்பட்டது, இன்றும் பத்துகாஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங் சாலையில் காட்சிப்பொருளாக நிற்கிறது. 1985-இல் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து குட்டைகளாயின. பார்ப்பதற்கு நீல நிறத்தில் அமைதியாக, அழகாக இருக்கும். கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக விழும். அடியில் சேறு. கரையிலிருந்து இரண்டு அடி எடுத்து வைத்தாலே கால் எட்டாத ஆழம் வந்துவிடலாம்.

"தண்ணியில இறங்க விடமாட்டேன் பாட்டி. தீவைச் சுற்றிப் பார்ப்பான், கோட்டையைப் பார்ப்பான், கூட்டாளிகளோடு இருப்பான். அவ்வளவுதான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

பாட்டி நெடுநேரம் கடிதத்தையே பார்த்தார். பிறகு எழுதுகோலை வாங்கி, தோட்டப் பள்ளியில் இரண்டே ஆண்டுகள் படித்த தமிழில், தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது. அந்த வாக்கை நான் அவ்வளவு எளிதாகக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கும் நீந்தத் தெரியாது. ஐம்பதை நெருங்கிவிட்டேன், இடுப்பளவு நீரில்கூட நான் இறங்கியதில்லை. "குட்டைப் பக்கம் போனால் காலை முறித்துவிடுவேன்" என்பார் என் அம்மா. அந்தக் காலத்துத் தோட்டத்து அம்மாக்கள் எல்லாருமே அப்படித்தான். நீருக்கு அஞ்சக் கற்றுக்கொடுத்தார்கள். நீந்தக் கற்றுக்கொடுக்க அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடலை நோக்கி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பூசிங், சிபூத்தே கடந்து, பல்கலைக்கழக நகரமான ஸ்ரீ இஸ்கண்டாரையும் தாண்டினோம். போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தின்மீது பேருந்து ஏறியதும் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, கடல் வந்திருச்சு!" பேருந்தே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் அது கடலில்லை என்பது அப்போதுதான் தெரியும் என்பது என் ஐயம்.

ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லுமுட்டை அடைந்து, அங்கே பசியாறிவிட்டுப் பெர்ரியில் ஏறினோம். லுமுட் அரச மலேசியக் கடற்படையின் தளம் அமைந்துள்ள ஊர். கரை மெல்ல விலக, மாணவர்கள் சன்னலோரம் இடித்துக்கொண்டு நின்றனர். அந்த மாணவன் மட்டும் நடு இருக்கையில் அமர்ந்து, பையை இரு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தான். அருகில் சென்று அமர்ந்தேன். ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பங்கோர் சிறிய தீவு. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. கிழக்குக் கரையில் மீனவர் ஊர்கள், படகு கட்டும் பட்டறைகள், நெத்திலி காயவைக்கும் முற்றங்கள். மேற்குக் கரையில் பாசிர் போகாக், தெலுக் நிப்பா முதலிய மணல் கடற்கரைகள். இடையில் காடடர்ந்த மலை. 2020 சனவரி முதல் நாளிலிருந்து தீவு தீர்வையற்ற பகுதியாகவும் இருப்பதால் பெரியவர்கள் கடைகளைத் தேடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ படகுத்துறையில் நின்ற இளஞ்சிவப்பு வேன்களைப் பார்த்தே துள்ளினார்கள். தீவின் வாடகை வண்டிகள் அவைதாம்.

முதலில் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்திற்குச் சென்றோம். கடலைப் பார்த்தபடி அமைந்த கோவில். மாசிமகத்தின்போது தீவுக்கு வெளியேயிருந்தும் பக்தர்கள் திரளாக வருவர். தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு என்று சொன்னபோது, "அங்க படிக்கிறவங்க தினமும் கடலைப் பார்ப்பாங்களா ஐயா?" என்று ஒரு மாணவி பெருமூச்சு விட்டாள்.

ஈயத்துக்காக ஒரு கோட்டை

அடுத்து தெலுக் கெடுங். அங்கேதான் டச்சுக் கோட்டை இருக்கிறது. பெரிய கோட்டையை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். கூரையில்லாத செங்கல் சுவர்கள், சுற்றிலும் புல்வெளி, அவ்வளவே. ஆனால் அதன் கதை பெரிது.

பேராக்கின் ஈய வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி, 1670-இல் இந்தக் கோட்டையைக் கட்டியது. ஈயத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்காகவும் இது பயன்பட்டது. 1690-இல் பங்லீமா குலுப் என்பவரின் தலைமையில் உள்ளூர் மலாய்க்காரர்கள் இதைத் தாக்கி அழித்தனர். 1743-இல் டச்சுக்காரர்கள் மீண்டும் கட்டினர். 1748-இல் கைவிட்டுச் சென்றனர். இடிந்து கிடந்ததை 1973-இல் அரும்பொருளகத் துறையினர் சீரமைத்தனர். சற்றுத் தொலைவில் ஒரு பெரும்பாறை உண்டு. அதில் 1743 என்னும் ஆண்டும் கும்பினியின் முத்திரையும் ஒரு விலங்கின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. டச்சுக் குழந்தை ஒன்றைப் புலி தூக்கிச் சென்றதன் நினைவாகச் செதுக்கியது என்பது ஊரார் சொல்லும் கதை.

புல்வெளியில் பிள்ளைகளை அமரவைத்து மற்றொரு கதையும் சொன்னேன். லாருட் ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டன. அரியணைக்காகப் பேராக் அரச குடும்பத்தினர் தங்களுக்குள் பூசலிட்டனர். இவற்றைக் காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் உள்ளே வந்தனர். 1874 சனவரி 20-ஆம் நாள், இந்தத் தீவை ஒட்டி நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்னும் கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். சமயமும் மலாய் வழக்கங்களும் நீங்கலாக எல்லாவற்றிலும் ஆங்கிலேய ஆலோசகரின் சொல் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. பங்கோரும் எதிர்க்கரையிலுள்ள டிண்டிங்ஸ் பகுதியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1935-இல்தான் அவை பேராக்கிற்குத் திரும்பின.

"இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நானே சொன்னேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் ஆங்கிலேயரின் சாலைகளும் இருப்புப்பாதைகளும் இங்கே வந்தன. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் உழைக்க நம் முன்னோர் கடல் கடந்து அழைத்து வரப்பட்டனர். லகாட்டில் நாம் இருப்பதற்கான காரணங்களில் ஒன்று இந்தக் கடலில் நின்ற ஒரு கப்பலில் எழுதப்பட்டது.

எல்லாரும் எழுந்து புகைப்படம் எடுக்கப் போனார்கள். அந்த மாணவன் சுவரைத் தொட்டபடி நின்றான்.

"ஐயா, இங்க சேர்த்து வச்சது நம்ம ஊரு ஈயமா?"

"பேராக் ஆற்று வழியாக வந்த ஈயம். நம் கிந்தா ஆறும் பேராக் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. இருக்கலாம்."

அவன் சற்று யோசித்தான். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. குழிய மட்டும் மூடல."

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அந்தச் சொல்லுக்கு மறுமொழி எதுவும் என்னிடம் இல்லை. அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மணலில் இருவர்

பிற்பகலில் தெலுக் நிப்பா. பிள்ளைகளுக்கு மிதவை அங்கிகளை அணிவித்து, எண்ணிக்கை பார்த்து, இருவர் இருவராகச் சேர்த்துவிட்டோம். துணையாக வந்த ஆசிரியைகள் இருவரும் நன்றாக நீந்துவார்கள். படகோட்டிகளும் உடன் நின்றனர். சிலர் கயாக் துடுப்பு வலித்தனர். சிலர் படகில் எதிரிலுள்ள கியாம் தீவுக்குப் போய், மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு நீருக்குள் மீன் பார்த்தனர். "ஐயா, வரிக்குதிரை மாதிரி மீனு!" என்று ஒருத்தி ஓடிவந்து சொல்லிவிட்டு மீண்டும் ஓடினாள்.

அவன் ஒரு மரத்தடியில் காலணியைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருந்தான். நானும் அருகில் அமர்ந்தேன்.

"எனக்காக நீங்க உட்கார வேணாம் ஐயா. நீங்க போய்க் குளிங்க."

"உனக்காக உட்காரவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. பயம்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். ஆசிரியருக்குப் பயம் இருக்கலாம் என்பது அவனுக்குப் புதிய செய்தி போலும். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தான். சற்று நேரம் கழித்து, கடலைப் பார்த்தவாறே, "அண்ணனுக்குத் தண்ணின்னா ரொம்பப் பிடிக்கும். மழை பெய்ஞ்சாகூட வெளிய ஓடிருவான்" என்றான். அண்ணனைப் பற்றி அவன் பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை. மாலை வரை அண்ணனைப் பற்றியே பேசினான்.

பொழுது சாயும் வேளையில் இருவாட்சிப் பறவைகள் வந்தன. தெலுக் நிப்பாவில் இது அன்றாடக் காட்சி. கருமையும் வெண்மையும் கலந்த உடல், பெரிய மஞ்சள் அலகு, அலகின்மேல் கொம்பு போன்ற புடைப்பு. பழத்துண்டை மேலே எறிந்தால் பறந்து வந்து கவ்விக்கொள்கின்றன. அடைகாக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாயிலை அடைத்துவிடும், சிறு இடுக்கு வழியே ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டும் என்று விளக்கினேன். "அதுவரைக்கும் உள்ளேயேவா இருக்கும்?" என்று கேட்டான் அவன். "குஞ்சு வளரும்வரை இருக்கும். பிறகு வாயிலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்" என்றேன்.

இரவுத் தொலைபேசி

இரவு உணவுக்குப் பிறகு பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் நலம் என்பதை முதலில் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நாளைக் காலையில் கரையோரம் அவன் காலை நனைக்கலாமா பாட்டி? நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கொடுத்த வாக்கை மீறமாட்டேன்."

மறுமுனையில் தொலைக்காட்சியின் ஒலி நின்றது.

"அவன் கேட்டானா?"

"கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல வாத்தியாரையா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. முழங்கால் அளவு நீருக்கு ஒரு சிறிய பொய்தானே என்றும் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் பார்த்த படம் கண்ணுக்குள் நின்றது.

"தெரியாது பாட்டி" என்றேன்.

நீண்ட நேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று எண்ணினேன்.

"அன்னைக்கு அவங்க கூட்டத்துல ஒருத்தனாச்சும் தெரியாதுன்னு சொல்லியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெரிஞ்சவங்க யாராச்சும் பக்கத்துல நிக்கட்டும். முழங்கால் வரைக்கும். அதுக்கு மேல வேணாம்."

முழங்கால் வரை

ஞாயிறு காலை, கடல் கண்ணாடிபோல் கிடந்தது. முதல்நாள் எங்களோடு இருந்த மலாய்ப் படகோட்டி ஒருவரிடம் செய்தியைச் சொன்னேன். முதியவர். ஒன்றும் கேட்காமல் இரண்டு மிதவை அங்கிகளை எடுத்துவந்து, ஒன்றை அவனுக்கும் ஒன்றை எனக்கும் தாமே கட்டிவிட்டார். நீந்தத் தெரிந்த ஆசிரியை ஒருவரும் அருகில் வந்து நின்றார்.

அவன் காலணியைக் கழற்றினான். காலுறைகளை மடித்து உள்ளே வைத்தான். காற்சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தான். யார் யாருக்குத் துணை என்று சொல்ல முடியாத நிலை. கணுக்கால் வரை ஒரு நிறுத்தம். கெண்டைக்கால் வரை இன்னொரு நிறுத்தம். முழங்கால் வந்ததும் நின்றுவிட்டோம்.

"காலுக்குக் கீழே மண்ணு ஓடுது ஐயா!"

அலை திரும்பும்போது பாதத்தின் கீழிருந்து மணலை இழுத்துச் செல்லும் அந்த உணர்வு எனக்கும் புதிது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான்.

படகோட்டி என்னைக் காட்டி, "சிக்கு மல்லாந்து படுக்கட்டும்" என்றார். ஆசிரியர்களை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள். நீரோடு சண்டை போடாதே, உடலைத் தளர்த்திவிடு, காது நனையட்டும், வானத்தைப் பார் என்பதே அவர் நடத்திய பாடம். இன்னும் சில அடிகள் முன்னே சென்று, அவர் கையை முதுகில் தாங்க, கண்களை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தேன். காதுக்குள் நீர் புகுந்ததும் உலகின் ஓசையெல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது அவர் கை என் முதுகில் இல்லை. கரையிலிருந்த 20 பேரும் கைதட்டினார்கள். அவன் சிரித்த சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

நண்பர்கள் அவனை உள்ளே வரச்சொல்லி அழைத்தனர். "பாட்டி முழங்கால்னுதான் சொல்லியிருக்காங்க" என்று அங்கேயே நின்றான். ஒரு மணி நேரம் நின்றிருப்பான். ஓரடியும் மேலே வைக்கவில்லை.

திரும்பிய பின்

அன்று மாலை அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பங்கோர் நெத்திலிப் பொட்டலத்தைப் பாட்டியிடம் கொடுத்தான். அவர் குனிந்து அவன் கால்களைப் பார்த்தார். முழங்காலுக்கு மேல் காற்சட்டை காய்ந்திருந்தது. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போனார்.

தேநீரோடு வந்தவர், "எங்கப்பா நாகப்பட்டணத்துலேர்ந்து கப்பல்ல வந்தவரு. ஒரு வாரம் தண்ணியைத் தவிர வேற ஒண்ணையும் பார்க்கலைன்னு சொல்லுவாரு. நான் இங்கேயே பொறந்து, இந்த எழுபது வயசுல, இன்னும் கடலைப் பார்த்ததில்ல" என்றார். கடலைத் தாண்டி வந்தவரின் மகள், ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள கடலைப் பார்க்காமலே முதுமையடைந்துவிட்டார். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போகும். உல்லாசப் பயணம் என்பது வேறு யாருக்கோ உரியது என்று நம் மக்கள் எண்ணிப் பழகிவிட்டனர்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஈப்போவிலுள்ள பொது நீச்சல் குளத்துக்குப் போகிறேன். என்னுடன் பயிற்சி பெறுபவர்களில் பெரும்பாலோர் எட்டு வயதுப் பிள்ளைகள். வெட்கமாகத்தான் இருந்தது; இப்போது பழகிவிட்டது. குளத்தின் அகலத்தில் பாதியை நிற்காமல் கடக்கிறேன். அந்த மாணவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். மூன்றாவது வாரத்திலிருந்து அவனும் வருகிறான். பாட்டி குளத்தோரம் நாற்காலியில் அமர்ந்து, அவன் தலை நீருக்குள் போகும் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறார். தலை வெளியே வந்ததும் அமர்கிறார்.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே! உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஈயக்குட்டைகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். நீந்தத் தெரிந்தாலும் அங்கே வேண்டாம். அதோடு நின்றுவிடாமல், பாதுகாப்பான குளத்தில், தெரிந்தவரைக் கொண்டு நீச்சல் கற்றுக்கொடுங்கள். மூழ்குபவர் திரைப்படத்தில் வருவதுபோல் கையசைத்துக் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்கிவிடுவார். ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் காப்பாற்றக் குதிக்காமல், கயிற்றையோ நீண்ட கொம்பையோ மூடிய வெற்றுப் புட்டியையோ எறிந்து, உரக்கக் கத்தி உதவிக்கு ஆள் சேர்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். படகிலும் கயாக்கிலும் ஏறுமுன் மிதவை அங்கியின் வார்களை நீங்களே இழுத்துப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று கூட்டாளிகளிடம் சொல்லும் துணிவையும் கற்றுக்கொடுங்கள்.

இயன்றால் ஒரு வார இறுதியில் பங்கோருக்குச் சென்று வாருங்கள். இருவாட்சிகளையும் பாருங்கள், கோட்டையையும் பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வாண்டுப் பயணத்துக்கான நாசி லெமாக் விற்பனை அடுத்த மாதம் நடைபெறும். பொட்டலம் கட்டப் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேருந்தில் அவருக்கும் ஓர் இருக்கை ஒதுக்கியிருக்கிறோம்.

மீண்டும் எழுதுகிறேன்.